அலுவலகக் கணினிகள் ஒரே நேரம் காட்டாதபோது: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், மாதிரி வந்து சேர்ந்த நேரம் காலை 10:42 என்று வரவேற்பு மேசைக் கணினி பதிந்திருந்தது. அதே மாதிரியின் முடிவு 10:36க்கு வெளியானதாக உள்ளறைக் கணினி பதிந்திருந்தது. வருவதற்கு ஆறு நிமிடம் முன்னரே முடிவு தெரிந்துவிட்ட அந்த மாதிரியின் அறிக்கையை மென்பொருள் அச்சிட மறுத்தது. பழுது மென்பொருளில்தான் இருக்கும் என்று எண்ணி, அதை இரண்டு முறை நீக்கி மறுபடியும் நிறுவியிருந்தார்கள். நான் போனதும் இரண்டு திரைகளின் மூலையிலும் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று ஏழு நிமிடம் விலகியிருந்தன.

வலையமைப்பில் நேரக் கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் வேறொரு வேடத்தில் வருகிறது. ‘உங்கள் கடிகாரம் தவறு’ என்று எந்த மென்பொருளும் தெளிவாகச் சொல்வதில்லை. விண்டோஸ் டொமைனில் (ஒரே மையத்திலிருந்து நிர்வகிக்கப்படும் கணினிக் குழுவில்) இருக்கும் கணினியின் நேரம், அந்த மையச் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் நேரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால், பயனரை அடையாளம் காணும் கெர்பரோஸ் சரிபார்ப்பு தோற்றுவிடும். பயனருக்கோ கடவுச்சொல் ஏற்கப்படவில்லை என்பது போலத் தோன்றும். கைப்பேசிச் செயலியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறிலக்க எண், சர்வரின் கடிகாரம் இரண்டு நிமிடம் பிசகியிருந்தால் செல்லாது. தேதி பின்னுக்குப் போன கணினியில், நேற்றுப் புதுப்பித்த பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வராத சான்றிதழாகத் தெரியும். இரண்டு சர்வர்களின் லாக் கோப்புகளை ஒன்றாக வைத்து எந்த நிகழ்வு முதலில் நடந்தது என்று தேடுபவருக்கு விளைவு முன்னும் காரணம் பின்னுமாகத் தெரியும். ஆகவே, விளக்கமுடியாத பழுது ஒன்று எதிர்ப்பட்டால் மற்ற ஆராய்ச்சிகளுக்கு முன்னால் கடிகாரங்களை ஒப்பிட்டுவிடுவது நல்லது. அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கீழே வரும் கட்டளைகளையும் அவற்றின் விடைகளையும் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும். எடுத்துக்காட்டாக, உள்ளூர் நேரச் சர்வரின் முகவரி 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம்.

திருத்தும் முன் அளவிடுங்கள்

கடிகாரம் தவறாக இருப்பதைக் கண்டவுடன் அதைக் கையால் சரியான நேரத்துக்கு மாற்றிவிடத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எவ்வளவு விலகியிருக்கிறது, எந்தத் திசையில் விலகியிருக்கிறது, அந்த விலகல் வளர்கிறதா நிலையாக இருக்கிறதா என்ற மூன்றும்தான் காரணத்தைக் காட்டும் தடயங்கள். கையால் மாற்றிய கணத்தில் மூன்றும் அழிந்துவிடும். சில வாரங்களில் அதே கோளாறு திரும்பி வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

திரையின் மூலையைப் பார்ப்பது முதல் சந்தேகத்துக்குப் போதும், அளவீட்டுக்குப் போதாது. விண்டோஸ் கணினியில் ‘டபிள்யூ32டிஎம் /ஸ்ட்ரிப்சார்ட் /கம்ப்யூட்டர்:192.168.1.10 /சாம்பிள்ஸ்:5’ என்ற கட்டளையை இட்டால், சர்வருக்கும் இந்தக் கணினிக்கும் உள்ள நேர வேறுபாட்டை ஐந்து முறை அளந்து காட்டும். எதிர்முனையில் இருப்பது லினக்ஸ் சர்வராக இருந்தாலும் இது வேலை செய்யும். லினக்ஸ் கணினியில் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி நிரல் நிறுவப்பட்டிருந்தால், ‘குரோனிடி -க்யூ’ என்பதில் க்யூவைப் பெரிய எழுத்தாக இட்டு, அதன் பின் ‘சர்வர்’ என்ற சொல்லையும் முகவரியையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் கொடுத்தால், கடிகாரத்தைத் தொடாமல் வேறுபாட்டை மட்டும் சொல்லும். சிறிய எழுத்துக் க்யூ கடிகாரத்தை மாற்றியே விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு கணினியிலிருந்தும் அதே சர்வரை நோக்கி அளந்து, கணினியின் பெயர், இயங்குதளம், நேர மண்டலம், கிடைத்த வேறுபாடு, அளந்த மணி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சில மணி நேரம் கழித்து, இயன்றால் மறுநாள், மறுபடியும் அளவிடுங்கள். இரண்டாவது அளவீடு இல்லாமல் செய்யும் ஆராய்ச்சியில் பாதி ஊகமாகவே இருக்கும் என்பது என் அனுபவம்.

இந்த அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். டெலவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் வகுத்து, 1985இல் முறையான ஆவணமாக வெளிவந்த என்டிபி, அதாவது வலையமைப்பு வழியே நேரத்தைப் பெறும் நெறிமுறை, நான்கு நேரக்குறிகளைக் கொண்டு இயங்குகிறது: கேள்வி இங்கிருந்து புறப்பட்ட நேரம், சர்வரை அடைந்த நேரம், பதில் சர்வரிலிருந்து புறப்பட்ட நேரம், இங்கு வந்து சேர்ந்த நேரம். போகும் பயணமும் திரும்பும் பயணமும் சம காலம் எடுத்தன என்று கொண்டு, இந்த நான்கிலிருந்து கடிகார வேறுபாடு கணக்கிடப்படுகிறது. அந்த அனுமானம் முற்றிலும் பொய்த்தாலும் பிழை மொத்தப் பயண காலத்தில் பாதியைத் தாண்டாது. கம்பி வழி உள்ளூர் வலையமைப்பில் பயண காலம் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாகவே இருக்கும். ஆகவே அரை மில்லி விநாடி வரை அளவீட்டை நம்பலாம். நெரிசலான வைஃபையில் அதே அளவீடு பத்து, இருபது மில்லி விநாடி ஆடும். அந்த ஆட்டத்தைக் கடிகாரக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது.

வேறுபாட்டின் வடிவம் சொல்வது

கையில் அந்தத் தாள் இருந்தால், பெரும்பாலான கோளாறுகளைக் கணினியைத் திறக்காமலேயே பிரித்துவிடலாம்.

திரையில் தெரியும் வேறுபாடு மிகச் சரியாக ஐந்தரை மணி நேரமாகவோ, முழு மணிகளாகவோ, அரை மணியாகவோ இருந்தால், கடிகாரத்தைக் குறை சொல்ல வேண்டாம். நேர மண்டலம்தான் தவறு. ஸ்ட்ரிப்சார்ட் கட்டளை உலகப் பொது நேரமான யூடிசியை ஒப்பிடுவதால், மண்டலப் பிழை இருக்கும்போது அது வேறுபாடு கிட்டத்தட்டப் பூச்சியம் என்று காட்டும்; திரைக் கடிகாரமோ மணிக்கணக்கில் விலகியிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் வேறு சோதனையே தேவையில்லை.

வேறுபாடு நாள்தோறும் சிறிது சிறிதாக, சீராக வளர்ந்தால், அந்தக் கணினி யாரையும் பின்பற்றவில்லை. தன் படிகத்தின் போக்கில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. மதர்போர்டில் உள்ள குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர வேண்டும். அதில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழை இருப்பது இயல்பான ஒன்று. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது நாளுக்கு 0.0864 விநாடி, எனவே 20 பங்கு நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஏறத்தாழ 52 விநாடி. மேலே சொன்ன பரிசோதனைக் கூடத்தில் ஏழு நிமிடம் விலக எட்டு மாதம் போதும். அந்தக் கணினியை நிறுவி எவ்வளவு காலமாகிறது என்று கேட்டேன். ஒன்பது மாதம் என்றார்கள். கோளாறின் வயதே அதன் காரணத்தைச் சொல்லிவிட்டது.

நேரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய், மின்சாரம் போய் வந்தபின் மட்டும் இது நிகழ்ந்தால், பேட்டரி தீர்ந்திருக்கிறது. நேரம் சரியாகி, சில நிமிடத்தில் கெட்டு, மறுபடியும் சரியாவது போல முன்னும் பின்னும் துள்ளினால், ஒரே கடிகாரத்தை இரண்டு பேர் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். அலுவலகத்தின் எல்லாக் கணினிகளும் தமக்குள் ஒத்துப்போய், வெளியுலகத்தோடு மட்டும் ஒத்துப்போகாவிட்டால், கோளாறு மூலச் சர்வரில் இருக்கிறது. மற்றவை அதைப் பணிவாகப் பின்பற்றுகின்றன.

நேர மண்டலமும் இரட்டை இயங்குதளமும்

இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளூர் நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எட்டு மணி. லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல்’ என்று இட்டால் உள்ளூர் நேரம், உலகப் பொது நேரம், மதர்போர்டுக் கடிகார நேரம், மண்டலம் நான்கையும் ஒன்றாகக் காட்டும். மண்டலம் தவறாக இருந்தால் ‘டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன் ஆசியா/கொல்கத்தா’ போதும். கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகியவற்றுக்கும் அதே பாணியில் பெயர்கள் உண்டு.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். மண்டலம் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு உரியதாக இருக்கும் கணினியில், திரையில் தெரியும் நேரத்தைக் கையால் மாற்றி ‘சரி’ செய்துவிடுகிறார்கள். திரை சரியாகத் தெரிந்தாலும் உள்ளே யூடிசி பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி நேரம் பிசகிவிடுகிறது. அடுத்த முறை நேரச் சேவை இயங்கும்போது அது யூடிசியைச் சரிசெய்யும். திரை மறுபடியும் தவறும். ‘எத்தனை முறை மாற்றினாலும் தானாகக் கெட்டுப்போகிறது’ என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது மண்டலத்தைத்தான்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் மாறி மாறி இயங்கினால் இன்னொரு சிக்கல் உண்டு. மதர்போர்டுக் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் கொள்கிறது. யூடிசி இருப்பதாக லினக்ஸ் கொள்கிறது. லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணி பின்னால் தெரியும். இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல்டைம்இஸ்யுனிவர்சல்’ என்ற மதிப்பை 1 என்று வைத்து அதையும் யூடிசிக்குப் பழக்குவதையே நான் விரும்புகிறேன். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றவும் வழி உண்டு. ஆனால் அப்படிச் செய்தால் டைம்டேட்சிடிஎல் கட்டளையே எச்சரிக்கை காட்டும்.

பேட்டரி

மதர்போர்டில் இருக்கும் வட்டமான பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032 வகை, 3 வோல்ட். கணினி அணைந்திருந்தாலும் சுவரில் மின்சாரம் இருக்கும்வரை பேட்டரிக்கு அதிக வேலை இல்லை. இரவில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும் அலுவலகங்களில்தான் அது சீக்கிரம் தீரும். மாற்றுவது எளிது, விலையும் சொற்பம்.

பேட்டரி தீர்ந்த கணினி காலையில் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று நம்பியிருக்கக் கூடாது. டொமைனில் சேராத விண்டோஸ் கணினியின் இயல்பு அமைப்பில், வேறுபாடு 54,000 விநாடியை, அதாவது 15 மணி நேரத்தைத் தாண்டினால், நேரச் சேவை அதைத் திருத்த மறுக்கும். லினக்ஸில் குரோனியின் வேலையைச் செய்த பழைய என்டிபிடி நிரல் 1000 விநாடிக்கு மேல் வேறுபாடு கண்டால் ஏதோ பெரும் தவறு என்று முடிவு செய்து தன்னையே நிறுத்திக்கொள்ளும்; தொடங்கும்போது ‘-ஜி’ என்ற தேர்வைக் கொடுத்தால் முதல் முறை மட்டும் அந்த வரம்பை மன்னிக்கும். எவ்வளவு அதிகம் பிசகுகிறதோ அவ்வளவு உதவி தேவைப்படும் கணினிக்கு, உதவி அங்கேதான் மறுக்கப்படுகிறது. ஆகவே பேட்டரியை மாற்றியபின், தேதியை ஒருமுறை பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்புத் திரையில்) கையால் ஏறக்குறையச் சரிசெய்துவிடுங்கள். கையால் திருத்தலாம் என்று நான் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

யாரைப் பின்பற்றுகிறது என்று கேளுங்கள்

விண்டோஸில் ‘டபிள்யூ32டிஎம் /குவெரி /சோர்ஸ்’ என்று கேளுங்கள். விடை ‘லோக்கல் சிமாஸ் கிளாக்’ அல்லது ‘ஃப்ரீ-ரன்னிங் சிஸ்டம் கிளாக்’ என்று வந்தால், அந்தக் கணினி தன் படிகத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. சேவையே தொடங்கப்படவில்லை என்ற விடையும் வரலாம். டொமைனில் சேராத விண்டோஸில் நேரச் சேவை எப்போதும் இயங்கிக்கொண்டிருப்பதில்லை. தேவைப்படும்போது எழுந்து, முடிந்ததும் தூங்கிவிடும். பல பதிப்புகளில் அது வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே, அதுவும் இணையத்தில் உள்ள மைக்ரோசாஃப்டின் நேரச் சர்வரிடம், கேட்கும்படி அமைந்திருக்கும்.

பரிசோதனைக் கூடத்தில் நடந்தது இதுதான். பகுப்பாய்வுக் கருவியோடு இணைந்த அந்த உள்ளறைக் கணினிக்குப் பாதுகாப்பு கருதி இணையத்தைத் துண்டித்திருந்தார்கள். அது சரியான முடிவு. ஆனால் அதன் நேரச் சேவை இணையத்தில் உள்ள சர்வரையே வாரந்தோறும் தேடி, கிடைக்காமல் அடங்கிக்கொண்டிருந்தது. இணையத்தைத் துண்டிக்கும் ஒவ்வொரு கணினிக்கும், நேரம் கேட்க உள்ளூரில் ஓர் இடத்தைக் காட்டியாக வேண்டும்.

அப்படிக் காட்டுவதற்கு: ‘டபிள்யூ32டிஎம் /கான்ஃபிக் /மேனுவல்பியர்லிஸ்ட்:192.168.1.10,0எக்ஸ்8 /சிங்க்ஃப்ரம்ஃப்ளாக்ஸ்:மேனுவல் /அப்டேட்’. முகவரிக்குப் பின்னால் உள்ள 0எக்ஸ்8 என்ற குறியை விடாதீர்கள்; அது இல்லாவிட்டால் விண்டோஸ் வாடிக்கையாளராகக் கேட்காமல், சம நிலையில் உள்ள கூட்டாளி போலக் கேட்கும்; சில சர்வர்கள் அதற்குப் பதில் தருவதில்லை. பட்டியலை மேற்கோள் குறிக்குள் இடுவது பாதுகாப்பானது. பிறகு சேவையைத் தானாகத் தொடங்கும்படி அமைத்து, ஒருமுறை நிறுத்தித் தொடங்கி, ‘டபிள்யூ32டிஎம் /ரீசிங்க்’ இடுங்கள். டொமைனில் சேர்ந்த கணினிகளில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அவை டொமைன் படிநிலையைத் தாமே பின்பற்றும். தனித்தனியாக முகவரி கொடுத்தால் அந்த ஒழுங்கு குலையும்.

லினக்ஸில் ‘குரோனிசி சோர்சஸ்’ காட்டும் பட்டியலை வாசிக்கப் பழகுவது பயனுள்ளது. வரியின் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும் சர்வரைத்தான் இப்போது பின்பற்றுகிறது. கூட்டல் குறி, அதோடு சேர்த்து எடுத்துக்கொள்ளும் சர்வர். கேள்விக் குறி, இன்னும் பதில் வராததோ தகுதி பெறாததோ. பெருக்கல் போன்ற எக்ஸ் குறி, மற்றவற்றோடு முரண்படுவதால் பொய் சொல்கிறது என்று ஒதுக்கப்பட்டது. ‘ரீச்’ என்ற நெடுவரிசையில் 377 என்று இருந்தால் கடைசி எட்டு கேள்விகளுக்கும் பதில் வந்திருக்கிறது. அது எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ம முறையில் எழுதிய எண் என்பதால் 377 என்பதே உச்சம். 0 என்றால் ஒரு பதிலும் வரவில்லை. 377க்கும் 0க்கும் இடையில் எண் மாறிக்கொண்டே இருந்தால் வழியில் பொட்டலங்கள், அதாவது வலையமைப்பில் போகும் தரவுத் துண்டுகள், தொலைகின்றன. கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள்.

கேட்டும் பதில் வராதபோது

பிங் வேலை செய்கிறது, கோப்புப் பகிர்வு வேலை செய்கிறது, நேரம் மட்டும் வரவில்லை என்றால், என்டிபி பயன்படுத்தும் யூடிபி 123ஆம் வாயிலைச் (போர்ட்டை) சந்தேகியுங்கள். பிங் வேறு நெறிமுறை; அது நடப்பதால் என்டிபியும் நடக்கும் என்று கொள்ள முடியாது. விண்டோஸ் ஸ்ட்ரிப்சார்ட்டில் 0எக்ஸ்800705பி4 என்ற பிழை வந்தால், காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

சோதனையைச் சர்வரிலிருந்து தொடங்குங்கள். குரோனி இயல்பாகப் பிறருக்கு நேரம் வழங்குவதில்லை. அமைப்புக் கோப்பில் ‘அலவ் 192.168.1.0/24’ என்ற வரி இருந்தால்தான் 123ஆம் வாயிலைத் திறக்கும். இந்த ஒரு வரி இல்லாமல் ஃபயர்வாலோடு மணிக்கணக்கில் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்வரில் இயங்குவது சிஸ்டம்டி-டைம்சிங்க்டி என்றால் எந்த அமைப்பும் உதவாது. அது நேரம் கேட்டு வாங்க மட்டுமே தெரிந்த நிரல், கொடுக்கத் தெரியாது. அதற்குப் பதிலாகக் குரோனியை நிறுவுங்கள். அதன் பிறகு ஃபயர்வாலில் உள்வரும் யூடிபி 123ஐத் திறந்துவிட்டு, ‘குரோனிசி கிளையன்ட்ஸ்’ என்று சர்வரில் இட்டுப் பாருங்கள். உங்கள் கணினியின் முகவரி அந்தப் பட்டியலில் இருந்தால் கேள்வி வந்து சேர்கிறது, பதில்தான் திரும்பவில்லை. பட்டியலில் இல்லாவிட்டால் கேள்வியே வழியில் நின்றுவிடுகிறது. அதற்கு மேலும் ஐயம் இருந்தால், இரண்டு முனைகளிலும், கடந்துபோகும் பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப்பை ‘போர்ட் 123’ என்ற வடிகட்டியோடு ஓடவிட்டால் பொட்டலம் எங்கே மறைகிறது என்று கண்ணால் காணலாம்.

பதில் வந்தும் ஏற்காதபோது

இதுதான் பலரைத் திகைக்க வைக்கும் நிலை. ரீச் 377 காட்டுகிறது, வேறுபாடும் தெரிகிறது, ஆனால் கணினி அந்தச் சர்வரைத் தேர்ந்தெடுக்க மறுக்கிறது.

ஒரு காரணம், சர்வரே யாரோடும் இணையாமல் இருப்பது. என்டிபியில் ஒவ்வொரு சர்வருக்கும் ஸ்ட்ராட்டம் என்ற படிநிலை எண் உண்டு. அணுக் கடிகாரத்தோடோ ஜிபிஎஸ் கருவியோடோ நேரடியாக இணைந்தது 1; அதனிடம் கேட்பது 2; இப்படி 15 வரை போகும். 16 என்றால் இணைப்பில்லாதது என்று பொருள். இணையம் துண்டித்த உள்ளூர்ச் சர்வர், தன் நேரத்துக்குத் தான் பொறுப்பேற்க முடியாது என்று நேர்மையாகச் சொல்கிறது. கேட்பவரும் அதை ஒதுக்கிவிடுகிறார். குரோனியின் அமைப்பில் ‘லோக்கல் ஸ்ட்ராட்டம் 10’ என்ற வரியைச் சேர்த்தால், மேலே யாரும் இல்லாதபோதும் அது தன் நேரத்தைப் பத்தாம் படியிலிருந்து வழங்கும். 10 என்ற தாழ்ந்த படியை வேண்டுமென்றே தருகிறோம். உண்மையான மூலம் ஒன்று கிடைத்தவுடன் மற்றக் கணினிகள் இதை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு காரணம் விண்டோஸ் சர்வரை லினக்ஸ் கணினி பின்பற்றும் இடத்தில் வரும். விண்டோஸ் தன் நேரத்தில் பல விநாடி ஐயம் இருக்கலாம் என்று அறிவிக்கும் வழக்கம் உண்டு. குரோனியோ மூன்று விநாடிக்கு மேல் ஐயம் உள்ள மூலத்தை இயல்பாக ஏற்காது. கேட்கும் லினக்ஸ் கணினியின் அமைப்பில் ‘மேக்ஸ்டிஸ்டன்ஸ் 16.0’ என்று இட்டால் ஏற்கும். ஆனாலும், கையில் ஒரு லினக்ஸ் இயந்திரம் இருக்கும்போது அதை நேரச் சர்வராக்கி, விண்டோஸ் அதைப் பின்பற்றச் செய்வதே நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து.

ஒரு கடிகாரத்துக்கு இரண்டு எஜமானர்கள்

நேரம் துள்ளும் கணினிகளில் பெரும்பாலானவை மெய்நிகர் கணினிகள், அதாவது ஓர் உண்மையான இயந்திரத்துக்குள் (தாங்கி இயந்திரத்துக்குள்) மென்பொருளால் உருவாக்கி இயக்கும் கணினிகள். விஎம்வேர், ஹைப்பர்-வி போன்றவை தம்முள் இயங்கும் கணினிக்குத் தாங்கி இயந்திரத்தின் நேரத்தைக் கொடுக்கும். உள்ளே இருக்கும் என்டிபியும் தன் பங்குக்கு வேறொரு நேரத்தை வைக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கடிகாரம் நடுவில் சிக்கிக்கொள்ளும். மெய்நிகர் அல்லாத கணினியிலும், குரோனியும் என்டிபிடியும் ஒருசேர இயங்குவது, யாரோ எப்போதோ கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் லினக்ஸ் வசதியில்) எழுதிவைத்த, நேரத்தை மாற்றும் என்டிபிடேட் கட்டளை வரி மணிக்கு ஒருமுறை கடிகாரத்தை இழுப்பது ஆகியவை இதே விளைவைத் தரும். எது ஒன்று போதும் என்று முடிவு செய்து, மற்றதை நிறுத்துங்கள்.

இதிலேயே மிகவும் நுட்பமான கோளாறு வட்டமாகச் சுற்றும் சார்பு. டொமைன் கன்ட்ரோலர் ஒரு மெய்நிகர் கணினி; அது தாங்கி இயந்திரத்திடம் நேரம் பெறுகிறது. தாங்கி இயந்திரமோ அதே டொமைனில் உறுப்பினர். அது டொமைன் கன்ட்ரோலரிடம் நேரம் பெறுகிறது. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு இருவரும் சேர்ந்து நகர, அலுவலகம் முழுவதும் அவர்களோடு நகரும். உள்ளே யாருக்கும் எந்த வேறுபாடும் தெரியாது; வெளியிலிருந்து வந்த ஒருவரின் கைப்பேசி மட்டும் நான்கு நிமிடம் தள்ளிக் காட்டும். டொமைனின் நேரத்துக்குத் தலைமையான பிடிசி எமுலேட்டர் என்ற பொறுப்பை வகிக்கும் கன்ட்ரோலர் ஒன்றே வெளி மூலத்தைப் பின்பற்ற வேண்டும். அந்த மெய்நிகர் கணினிக்குத் தாங்கி வழங்கும் நேர ஒத்திசைவை நீக்கிவிட்டு, வெளிச் சர்வர் முகவரியை அதற்கு மட்டும் கொடுங்கள்.

மேலே யாரைக் கேட்பது

இந்திய நேரத்தின் மூலம் புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதுவும் தேசியத் தகவலியல் மையமும் பொதுவில் என்டிபி சர்வர்கள் நடத்துகின்றன. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவின்படி, இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களும் தரவு மையங்களும் இவற்றோடு, அல்லது இவற்றை ஆதாரமாகக் கொண்ட சர்வர்களோடு தம் கணினிகளின் நேரத்தை ஒத்திசைக்க வேண்டும். ஆகவே இது வசதிக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல.

இரண்டு மூலங்களை மட்டும் வைப்பது நல்லதல்ல. அவை முரண்பட்டால் எது பொய் என்று கணினியால் சொல்ல முடியாது. மூன்று இருந்தால் ஒன்று தவறும்போது மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும்; நான்கு இருந்தால், ஒன்று செயலிழந்திருக்கும் நாளிலும் இந்தப் பாதுகாப்பு தொடரும். இணையமே கூடாத வலையமைப்புக்கு ஜிபிஎஸ் கருவி ஒன்றைப் பொருத்தலாம். பழைய கருவியை வாங்க வேண்டாம்: ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரல் 6இல் அப்படித் திரும்பியபோது, அதற்குத் தயாராகாத கருவிகள் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னால் போயின.

கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டி, வருகைப் பதிவுக் கருவி, அச்சு இயந்திரம் ஆகியவற்றையும் மறக்காதீர்கள். அவற்றின் அமைப்பிலும் என்டிபி முகவரிக்கு ஓர் இடம் இருக்கும். உள்ளூர்ச் சர்வரைக் கொடுங்கள். திருட்டு நடந்தபின் கேமராவின் நேரத்துக்கும் வாயில் பதிவின் நேரத்துக்கும் பொருத்தம் தேடுவது மிகக் கடினமான வேலை.

பெரிய வேறுபாட்டைத் திருத்தும்போது

காரணம் நீங்கியபின் கடிகாரத்தை எப்படிச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவது என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரேயடியாகத் தாவலாம், அல்லது கடிகாரத்தைச் சிறிது வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டுப் படிப்படியாகச் சேரலாம். என்டிபிடி 128 மில்லி விநாடி வரை படிப்படியாகவும் அதற்கு மேல் தாவியும் திருத்தும். படிப்படியாகத் திருத்தும்போது அதன் உச்ச வேகம் பத்து லட்சத்துக்கு 500 பங்கு. ஒரு விநாடியைச் சரிசெய்ய 2000 விநாடி ஆகும், ஒரு நிமிடத்துக்கு 33 மணி நேரம் ஆகும். குரோனியில் பல லினக்ஸ் விநியோகங்கள் ‘மேக்ஸ்டெப் 1.0 3’ (மேக், ஸ்டெப் என்ற இரண்டு சொற்களை ஒன்றாகச் சேர்த்தது) என்று அமைத்திருக்கின்றன: தொடங்கியபின் முதல் மூன்று திருத்தங்களில் மட்டும், வேறுபாடு ஒரு விநாடிக்கு மேல் இருந்தால் தாவலாம், அதன்பின் தாவக் கூடாது. குரோனி சரியாக இயங்கியும் நேரம் உடனே மாறவில்லையே என்று தோன்றினால் காரணம் இதுதான். ‘குரோனிசி மேக்ஸ்டெப்’ என்று இட்டால் உடனே தாவும்.

முன்னோக்கித் தாவுவதில் ஆபத்து குறைவு. பின்னோக்கித் தாவும்போது ஏற்கெனவே கடந்த நிமிடங்கள் இரண்டாம் முறை வரும்: தரவுத்தளத்தில் பின்னால் எழுதிய வரி முன்னால் எழுதியதாகத் தெரியும், ஒருமுறை ஓட வேண்டிய வேலை இரண்டு முறை ஓடலாம். ஆகவே வேலை நேரம் முடிந்தபின், தரவுத்தளத்தையும் அதைச் சார்ந்த மென்பொருளையும் நிறுத்தி, கடிகாரத்தைத் தாவவிட்டு, பழைய நேரத்தில் பதிந்த கடைசிப் பதிவின் நேரத்தை உண்மை நேரம் தாண்டும்வரை காத்திருந்து, பிறகு தொடங்குங்கள். பரிசோதனைக் கூடத்தில் உள்ளறைக் கணினி பின்தங்கியிருந்ததால் முன்னோக்கித் தாவினால் போதுமாக இருந்தது. ஆயினும் எந்த நாளிலிருந்து எவ்வளவு பிசகியிருக்கக்கூடும் என்பதை அவர்களின் பதிவேட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். நோயாளியின் அறிக்கையில் உள்ள நேரத்தைப் பின்னாளில் ஒரு மருத்துவர் நம்பி முடிவெடுக்கக்கூடும்.

திருத்திய அன்றே எல்லாம் சரியாகத் தெரியும். அதை நம்பிக் கிளம்பிவிட வேண்டாம். மறுநாள் காலை, கணினிகள் அணைந்து எழுந்தபின், முதல் நாள் போலவே ஒவ்வொன்றிலிருந்தும் சர்வரை நோக்கி அளந்து அதே தாளில் அடுத்த நெடுவரிசையில் எழுதுங்கள். கம்பி வழி இணைந்த லினக்ஸ் கணினிகள் ஒரு மில்லி விநாடிக்குள்ளும், விண்டோஸ் கணினிகள் சில பத்து மில்லி விநாடிக்குள்ளும் இருந்தால் போதும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை அளவிடுங்கள். அப்போதும் எண்கள் வளராமல் அதே இடத்தில் நின்றால் அந்தத் தாளைச் சர்வர் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிடலாம்; அடுத்துப் பழுது பார்க்க வருபவருக்கு அது உதவும்.